திங்கட்கிழமைக் கழுவல்

கிடோங்காவின் போன் பதினோராவது முறையாக அடித்தது.

கிடோங்கா எடுக்கவில்லை.

மேஜையில் பாதி குடித்த டீ. தட்டில் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் பீன்ஸ். சாய்ந்து கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் கிடோங்கா. கழுத்தில் நீல நிற நெட் கேபிள்... இரண்டு சுற்று.

போனில் மின்னிய பெயர், 'அம்மா'.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு சொந்த ஊரான மேருவிலிருந்து அந்த அம்மா மகனோடு பேசினார். வீட்டில் மாடு கன்று போட்டிருந்த செய்தி. கன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம், யோசித்து வை என்றார். மூன்று மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் நைரோபிக்கு வெளியே, ஜூஜாவில் இருந்த அந்த வாடகை வீட்டுக்குள் யாரோ வந்து போய்விட்டார்கள்.

போன் பன்னிரண்டாவது முறையாக அடித்தது.

* * *

திங்கட்கிழமை காலை ஏழரை. போலீஸ் ஸ்டேஷன்.

"உட்காரும்மா," என்றார் இன்ஸ்பெக்டர் கிலோன்ஸோ. "டீ குடிச்சியா?"

"எங்க அண்ணன் குடிச்சானா, அஃபாண்டே?" போலீஸ் ஐயாவை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கெருபோவுக்கு இருபத்தேழு வயது. பொழுது விடியும்போது நான்கு போலீஸ்காரர்கள் கிதுராயில் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவளுடைய அண்ணன் மொமான்யியைச் செருப்புகூடப் போடவிடாமல் இழுத்துப் போனார்கள். அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"குடிச்சான். மண்டாஸி ரெண்டு தின்னான். மூணாவது கேட்டான்."

"அவன் கொலை பண்ணல."

"சனிக்கிழமை நீங்க வேலை செய்யற இடத்துல ஏழு பேர் முன்னாடி முதலாளி கிடோங்கா சட்டையைப் பிடிச்சிருக்கான். 'உன்னைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போறேன்'னு சொல்லியிருக்கான். ஏழு பேரும் ஒரு எழுத்து மாறாம சொல்றாங்க. என்ன சண்டை?"

கெருபோ குனிந்துகொண்டாள்.

"என் மூஞ்சிக்காக."

"புரியல."

"அமெரிக்கக் கம்பெனியில அக்கவுன்ட் திறக்க ஒரு மூஞ்சி காட்டணும் அஃபாண்டே. கேமராவைப் பாரு, இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்புன்னு கேக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி கிடோங்கா என்னைத் திரும்பச் சொன்னான். திரும்பினேன். அதை அவன் ஊர் பூரா வித்திருக்கான். இப்ப என் மூஞ்சியில நாப்பது பேர் இருக்காங்க. பாதிப் பேர் திருடங்க."

"சரி..."

"நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்கு மூணு தடவை விசா கேட்டேன். மூணு தடவையும் இல்லைன்னுட்டாங்க. ஏன்னு சனிக்கிழமைதான் தெரிஞ்சுது. அந்த நாப்பது பேர் லிஸ்டை அண்ணன் கிடோங்காவோட மெயில்ல பார்த்துட்டான்."

கிலோன்ஸோ பேனாவைக் கீழே வைத்தார். தாடையைத் தேய்த்தார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இதை விட நல்ல காரணம் நான் கேட்டதில்ல. நானா இருந்தாலும் கேபிளைத் தேடியிருப்பேன்."

"ஆனா அண்ணன் ஜூஜாவுக்கே போகல. இதைப் பாருங்க."

போனை நீட்டினாள். திரையில் ஒரு பட்டியல். மேலே ஒரு பெயர்... பிரெண்டா.

"யாரும்மா பிரெண்டா?"

"எங்க அண்ணன்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். கெருபோ மறைக்காமல் சொன்னாள்.

ரொய்சாம்புவில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதன் வயிற்றுக்குள் ஒன்பது பொய்க் கம்ப்யூட்டர்கள். வர்ச்சுவல் மிஷின் என்பார்கள். ஒவ்வொன்றும் தன்னைத் தனி மிஷின் என்று நம்பும். ஒவ்வொன்றும் தான் அமெரிக்காவில் இருப்பதாகவும் நம்பும். அமெரிக்கக் கம்பெனி அமெரிக்கர்களுக்கு மட்டும் வேலை கொடுக்கும். ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. அதனால் நைரோபியில் ஒன்பது பேர் அமெரிக்கர்களாகி டைப் அடித்தார்கள். மொமான்யி ஏழாம் நம்பர். ஒஹாயோவில் வசிக்கும் பிரெண்டா. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"மீசை வச்ச பிரெண்டா," என்றார் கிலோன்ஸோ. "அதுல கேஸ் போடறது என் வேலை இல்ல, வேற டிபார்ட்மென்ட். இது என்ன பட்டியல்?"

"யாரு எப்ப வேலை செஞ்சாங்கன்னு மிஷினே எழுதி வைக்கும். நான் சூப்பர்வைசர். எனக்கு ஒரு காப்பி வரும். பாருங்க... ஞாயித்துக்கிழமை, ஏழு மணியில இருந்து எட்டரை வரைக்கும் பிரெண்டா நிக்காம டைப் அடிச்சிருக்கா."

"ஏழு மணி காலையிலயா?"

"ஒஹாயோ நேரம். ஏழைக் கூட்டுங்க." அவள் விரல்கள் தாமாகவே எண்ணின. இரண்டு வருடப் பழக்கம். "மதியம் ரெண்டுல இருந்து மூணரை. அந்த நேரத்துல எங்க அண்ணன் ரொய்சாம்புல கீபோர்டு முன்னாடி இருந்திருக்கான். அங்கிருந்து ஜூஜா போக, மடாடு வேன் கிடைச்சா ஒரு மணி நேரம். அவன் எப்படிக் கொன்னிருக்க முடியும்?"

கிலோன்ஸோ போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இது உனக்கு வந்ததே சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே?"

"நெட் போயிடுச்சு அஃபாண்டே. நெட் இல்லாட்டி மிஷின் எழுதி வச்சுக்கும். வந்ததும் அனுப்பும். எங்க ஏரியாவுல ஞாயித்துக்கிழமை நெட் எப்ப இருந்துச்சு?"

"எங்க ஏரியாவுல மட்டும் இருந்துச்சாக்கும்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "கேட்டுக்கோம்மா. நாளைக்குக் காலையில அவனைக் கோர்ட்ல நிறுத்தணும். இந்தப் பதிவு உண்மைன்னு நின்னுச்சுன்னா எனக்குக் கேஸே இல்ல. விட்டுடுவேன்."

கெருபோவின் கண்கள் நிறைந்தன.

"ஆனா எங்க மேலதிகாரி கேப்பார். செத்தவன் கேபிளைத் தானே சுத்திக்கிட்டானா? மொமான்யி இல்லைன்னா வேற ஒருத்தன். அந்த ஒருத்தன் யாரு? அதைச் சொல்லாம வெறும் பட்டியலைக் காட்டினா, அதையும் நீங்களே எழுதினதுன்னு சொல்லிடுவார்."

* * *

ரொய்சாம்பு. நாலாவது மாடி.

இரும்புக் கிராதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே சிமியு நின்றிருந்தான். முப்பது வயது, ஒல்லி, நாலாம் நம்பர் மிஷின்காரன். காலடியில் பயணப்பை. சாவி உள்ள மூன்று பேரில் அவன் ஒருவன். கிடோங்கா, கெருபோ, சிமியு. ஞாயிறன்று கெருபோவின் சாவி மொமான்யியிடம் இருந்தது.

"சிஸ்டர்... ஒன்பது பேரும் போயிட்டாங்க."

"யாரு?"

"பிரெண்டா, டக்ளஸ், நம்ம கிழவி மார்த்தா... ஒருத்தர் விடாம. அக்கவுன்ட் எல்லாத்தையும் கம்பெனிக்காரன் மூடிட்டான். 'நீங்கள் பயன்படுத்துவது உண்மையான கம்ப்யூட்டர் அல்ல'ன்னு எழுதியிருக்கான்."

கெருபோ சுவரில் சாய்ந்தாள். இந்த வாரக் கடைசியில் பத்துச் சாவு. அதில் ஒன்றுதான் உண்மை.

"ரெண்டு வருஷமா கண்டுபிடிக்காதவன் இப்ப எப்படிக் கண்டுபிடிச்சான்?"

"அதான் எனக்கும் தெரியல. சித்தப்பா சாவுக்குக் கிடாலே போயிட்டு இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்கறேன். இங்க வந்தா முதலாளி செத்துட்டாருங்கறாங்க, உங்க அண்ணனைப் பிடிச்சிட்டாங்கங்கறாங்க. என் மூளை வேலை செய்யல."

கெருபோ பெரிய மிஷினின் முன் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பரைத் திறந்தாள். பிரெண்டாவின் திரை வந்தது. அழகான அமெரிக்க ஏரிக்கரைப் படம். வலது பக்கம் கீழே, கடிகாரத்தை ஒட்டி...

ஒரு சின்ன நீலப் பெட்டி.

வெள்ளிக்கிழமை அது அங்கே இல்லை.

எட்டாம் நம்பரைத் திறந்தாள். அங்கேயும் நீலப் பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்பதிலும்.

மவுஸை அதன் மேல் கொண்டுபோனாள். ஒரே ஒரு சொல் எழும்பியது. 'ஹெல்ப்பர்'.

"இதை யாரு போட்டா?"

சிமியு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "நான் போடல. நாலாம் நம்பர்லயும் இருக்கா? ஐயோ, ஆமா."

"என்ன பண்ணும் இது?"

"எனக்கென்ன தெரியும்? டைப் அடிக்கத்தான் தெரியும். கம்பெனிக்காரன் இதைப் பார்த்துதான் மூடியிருக்கணும்." அவன் காலால் பயணப்பையை ஓரமாகத் தள்ளினான். "சிஸ்டர், இன்னிக்குத் திங்கக்கிழமைதானே? கழுவிடுங்க. எல்லாம் போயிடும். நாம புதுசா ஒன்பது அமெரிக்காக்காரனைப் பிறக்க வைக்கலாம்."

கழுவல்.

அது அந்த இடத்தின் சட்டம். வாரம் பூரா பொய்க் கம்ப்யூட்டர்களில் அழுக்குச் சேரும். யார் எதைத் தொட்டார்கள், எதைத் திறந்தார்கள் என்ற தடயம். திங்கட்கிழமை காலையில் கெருபோ ஒரு பென் டிரைவைச் சொருகி ஒன்பதையும் பிறந்த அன்று இருந்த நிலைக்குக் கொண்டுபோய் விடுவாள். அதற்கு முன் நடந்த எதுவும் மிஷினுக்கு நினைவிருக்காது. அந்தப் பென் டிரைவ் ஒன்றே ஒன்றுதான். அவள் கழுத்துச் சங்கிலியில், சிலுவைக்குப் பக்கத்தில் தொங்கியது. இரண்டு வருடத்தில் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறியதில்லை. மலேரியா வந்த வாரத்திலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கழுவினாள்.

கை சங்கிலிக்குப் போனது.

நின்றது.

எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறான் சிமியு?

"அப்புறம் கழுவறேன்," என்றாள்.

"ஏன்? எப்பவும் எட்டு மணிக்கே..."

"அப்புறம்னு சொன்னேன்ல."

* * *

லாக்கப் கம்பிக்கு அந்தப் பக்கம் மொமான்யி வெறுங்காலோடு நின்றிருந்தான். முப்பத்தொரு வயது. இரண்டு நாள் தாடி. இந்தப் பக்கம் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

கெருபோ செருப்பைக் கம்பிக்குக் கீழே தள்ளினாள். தாய்மொழியில் ஆரம்பித்தாள்.

"கிசி பாஷை எல்லாம் வேணாம்," என்றான் கான்ஸ்டபிள். "எனக்கும் பொழுது போகணும். புரியிற மாதிரி பேசுங்க."

"அண்ணா... இன்ஸ்பெக்டர் பதிவைப் பார்த்தார். நம்புறார்னு நினைக்கிறேன்."

மொமான்யி கண்ணை மூடித் திறந்தான். நீளமாக மூச்சு விட்டான்.

"நல்லது. கழுவிட்டியா?"

"என்னது?"

"இன்னிக்குத் திங்கக்கிழமை. மிஷினைக் கழுவிட்டியா?"

கெருபோவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "உன்னைத் தூக்குல போடறதா வேணாமான்னு பேசிக்கிட்டிருக்காங்க. நீ மிஷினைக் கேக்கறே."

"வேலை வேலைதான். கழுவிடு."

"கழுவக் கூடாதுண்ணா. கேளு... ஒன்பதுலயும் யாரோ ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கான். ஹெல்ப்பர்னு பேரு. வெள்ளிக்கிழமை அது இல்ல. சனி, ஞாயித்துலதான் வந்திருக்கு."

மொமான்யியின் கை கம்பியைப் பிடித்தது.

"எனக்குத் தோணுறதைச் சொல்றேன்," அவள் குரலைத் தாழ்த்தினாள். "கிடோங்காவோட அக்கவுன்ட் லிஸ்ட் எல்லாம் அந்த மிஷின்லதான் இருக்கு. அதைத் திருட எவனோ இதைப் போட்டிருக்கான். கிடோங்கா கண்டுபிடிச்சிருப்பான். அதனால கொன்னுட்டான். இதைப் போட்டவன் யாரோ, அவன்தான் கொலைகாரன்."

"கெருபோ."

"என்னண்ணா?"

"அது ஒண்ணும் இல்ல. தானா வந்திருக்கும். அப்டேட்டுல வரும் அந்த மாதிரி. கழுவிடு."

"தானா எப்படிண்ணா ஒன்பதுலயும்..."

"நான் சொல்றேன்ல. அண்ணன் சொன்னா கேக்க மாட்டியா நீ? போ, இப்பவே போய்க் கழுவு. உனக்காகத்தான் சொல்றேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவன் கம்பியை விட்டு, மறுபடி இறுகப் பிடித்தான். அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அப்பா செத்த அன்றைக்குக்கூட அவன்தான் எல்லாருக்கும் சோறு போட்டான்.

பயப்படுகிறான். யாருக்கு? சிமியு... சிமியு ஏதோ மிரட்டியிருக்கிறான்.

"உன்னை யாராவது மிரட்டினாங்களா?"

"ஆமா," என்றான் மொமான்யி. பிறகு, "இல்ல," என்றான். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"நேரம் முடிஞ்சுது," என்றான் கான்ஸ்டபிள். "துணி துவைக்கறதைப் பத்தி இவ்வளவு நேரம் பேசின குடும்பத்தை நான் பார்த்ததில்ல."

* * *

மத்தியானம் பன்னிரண்டு.

பென் டிரைவ் மிஷினில் சொருகியிருந்தது. திரையில் கேள்வி. 'எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகவா?'

ஆம். இல்லை.

அண்ணன் கேட்டால் அவள் எதையும் செய்வாள். நர்ஸிங் படிக்கப் பணம் கட்டினவன் அவன். டைப் அடித்து அடித்து விரல் மரத்துப்போய், உகாலிக் களியைக் கையால் உருட்ட முடியாமல் கரண்டியில் தின்கிறவன்.

ஆனால் கழுவினால் ஹெல்ப்பர் போய்விடும். கொலைகாரனின் கைரேகையை அவளே துடைத்ததாகிவிடும்.

"கழுவறீங்களா சிஸ்டர்?" வாசலில் சிமியு. கையில் இரண்டு கப் டீ. "நல்ல வேலை. சீக்கிரம் முடிங்க. போலீஸ் வந்து இதையெல்லாம் பார்த்தா நாம எல்லாரும் உள்ளே."

"நீ மட்டும்தான் உள்ளே, சிமியு."

"என்ன?"

கெருபோ 'இல்லை'யை அழுத்தினாள். பென் டிரைவைப் பிடுங்கினாள். போனை எடுத்தாள்.

"அஃபாண்டே... நீங்க கேட்ட பேர் கிடைச்சிருச்சு. கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டு வாங்க."

சிமியு இரண்டு டீயையும் தரையில் வைத்தான்.

* * *

இரண்டு மணிக்கு வந்தார்கள். கிலோன்ஸோ மூச்சு வாங்க நாலு மாடி ஏறினார். பின்னால் கான்ஸ்டபிள் ஜெப்டூ. இருபத்தைந்து வயதுப் பெண். தோளில் லேப்டாப் பை. ஸ்டேஷனில் யாருடைய போன் கெட்டாலும் அவள்தான் டாக்டர்.

"முதல்ல வாக்குமூலம் எழுதிக்குங்க," என்றாள் கெருபோ. "அப்புறம் அவன் மாத்திப் பேசுவான்."

"நீ சொல்லு, நான் எழுதறேன்."

அவள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபோது ஒன்பது மிஷினிலும் ஹெல்ப்பர் இல்லை. திங்கட்கிழமை காலை இருந்தது. இடையில் அதைப் போட்டவனே கொலைகாரன். என் அண்ணன் மொமான்யி ஞாயிறு காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை தன் நாற்காலியில்தான் இருந்தான்.

"இதுல உறுதியா இருக்கியா?"

"உயிரை வச்சுச் சொல்றேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.

"இப்ப இவனைக் கேளுங்க. இவன்கிட்ட சாவி இருக்கு. காலையில இருந்து 'கழுவு கழுவு'ன்னு என் உயிரை எடுக்கறான்."

"எல்லாத் திங்கக்கிழமையும் கழுவறதுதானே சிஸ்டர்," சிமியு அழும் நிலைக்கு வந்திருந்தான். "அஃபாண்டே, நான் வெள்ளிக்கிழமையே கிடாலே போயிட்டேன். இந்தாங்க பஸ் டிக்கெட். இந்தாங்க போட்டோ."

போனில் படம். ஞாயிறு மதியம். நாற்பது உறவினர்கள். முன்வரிசையில், யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, சவப்பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு சிமியு.

கிலோன்ஸோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கோட்டு யாரோடது?"

"மாமாவோடது."

"நாப்பது சாட்சி. ஒண்ணு பிணம். கழிச்சா முப்பத்தொன்பது."

கெருபோ பஸ் டிக்கெட்டை வாங்கித் தேதியைப் பார்த்தாள். சிமியு இல்லையென்றால்... வேறு யார்?

"அஃபாண்டே," என்றாள் ஜெப்டூ, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "இது திருட்டுச் சாமான் இல்ல."

"என்ன?"

"வர்ச்சுவல் மிஷின் செஞ்ச கம்பெனியே இதைக் கூடவே குடுக்கும். ஊர் உலகத்துல எல்லாரும் போடுவாங்க. மவுஸ் ஒழுங்கா ஓடும், படம் பெருசாத் தெரியும். இது இருந்தா 'இது பொய் மிஷின்'னு வெளியில தெரிஞ்சிடும். அதனால இவங்க மட்டும் போடறதில்ல."

"அப்ப எதையும் திருடலையா?" கெருபோ எழுந்துவிட்டாள்.

"இல்லைங்க. ஆனா இது இன்னொரு வேலையும் பண்ணும்." ஜெப்டூ தயங்கினாள். "பெரிய மிஷின்ல மணி என்னவோ, அதைப் பார்த்து உள்ளே இருக்கிற மிஷினுக்கும் வைக்கும்."



"புரியிற மாதிரி சொல்லு," என்றார் கிலோன்ஸோ.

"பெரிய மிஷின்ல கடிகாரத்தை ரெண்டு மணி நேரம் பின்னால தள்ளினா, ஒன்பதுலயும் ரெண்டு மணி நேரம் பின்னால போயிடும். பிரெண்டா மிஷின்ல கையால மணியை மாத்தினா, மாத்தின ஆளோட பேர் பதிஞ்சிடும். ஹெல்ப்பர் மாத்தினா, ஹெல்ப்பர்னுதான் பதியும். எவனோ விஷயம் தெரிஞ்சவன்."

"மாத்தியிருக்கா?"

"ஏழாம் நம்பர்லயே இருக்கு பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ரெண்டு மணி நேரம் பின்னால. மாத்தினது ஹெல்ப்பர். டைப் அடிக்கறது முடிஞ்சதும், ரெண்டு மணி நேரம் முன்னால. மாத்தினது ஹெல்ப்பர். அது வரைக்கும் நெட்டைப் பிடுங்கி வச்சிருக்காங்க. பெரிய மிஷின்ல இருந்த பதிவைத் துடைச்சிட்டாங்க. உள்ளே இருக்கறது திங்கக்கிழமை கழுவல்ல தானா போயிடும்னு விட்டுட்டாங்க போல."

கிலோன்ஸோ மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆக, ரெண்டு மணிக்கு டைப் அடிச்சதா எழுதியிருக்கறது..."

"நிஜத்துல நாலு மணி. ரெண்டு மணிக்கு இந்த நாற்காலி காலி."

கெருபோ அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

"வேற எவனாவது வந்திருக்கலாம்," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "எவனாவது... சாவி வச்சு..."

"மூணு சாவி," என்றார் கிலோன்ஸோ. "ஒண்ணு செத்தவன்கிட்ட. ஒண்ணு சவப்பெட்டி தூக்கினவன்கிட்ட." வாக்குமூலத் தாளைத் தூக்கிக் காட்டினார். மை இன்னும் காயவில்லை. "பத்துல இருந்து ஆறு வரைக்கும் இங்க இருந்தது யாருன்னு நீயே சொல்லியிருக்கே. இதைப் போட்டவன்தான் கொலைகாரன்னும் நீயே சொல்லியிருக்கே. நான் ஒரு கேள்விகூடக் கேக்கல."

கெருபோ பாய்ந்தாள்.

கையில் பென் டிரைவ். மிஷின் வரை போய்விட்டாள். சொருகியும் விட்டாள். ஜெப்டூவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. முரட்டுத்தனமில்லாமல்... காய்ச்சல்காரரின் கையைப் பிடிப்பது போல.

"வேணாங்க. நான் காப்பி எடுத்துட்டேன்."

சிமியு வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். யாருக்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான் கழுவியிருந்தா?" என்று கேட்டாள் கெருபோ. "காலையில எட்டு மணிக்கு... எப்பவும் போல கழுவியிருந்தா?"

கிலோன்ஸோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"நாளைக்குச் சாயங்காலம் உங்க அண்ணன் வீட்ல சாப்பிட்டிருப்பான். கேஸ் முடியறதுக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கும். முடியாமலே போயிருக்கும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அரசு வக்கீலுக்கு இனிமே லீவு குடுத்துடலாம்மா. நீயே வாதாடி முடிச்சிட்டே."

* * *

நாலு மணிக்கு ஸ்டேஷன் தாழ்வாரத்தில் மொமான்யியைக் கொண்டுவந்தார்கள். இப்போது கையில் விலங்கு இருந்தது. பெரிய லாக்கப்புக்கு மாற்றப் போகிறார்கள்.

கெருபோ வழியில் நின்றிருந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றார் கிலோன்ஸோ. "எந்தப் பாஷையில வேணும்னாலும் பேசிக்குங்க. இனிமே எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல."

கெருபோ அவன் காலைப் பார்த்தாள்; அவள் கொண்டுவந்த செருப்பு இருந்தது.

"பேசத்தான் போனேன்," என்றான் மொமான்யி. "லிஸ்டை அழி, என் தங்கச்சி மூஞ்சியைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். 'வித்த மாட்டைத் திருப்பிக் கேக்கறியா'ன்னான். கேபிள் மேஜை மேல இருந்துச்சு... அவ்வளவுதான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமேண்ணா. ஒரே ஒரு வார்த்தை."

"சொன்னா நீயும் குற்றவாளி. தெரியாம இருந்தாத்தான் நீ தப்பிப்பேன்னு நினைச்சேன்." அவன் விலங்குக் கையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்தான். "ரெண்டு வருஷத்துல ஒரு திங்கக்கிழமையும் நீ விட்டதில்ல. அதை நம்பித்தான் தூங்கினேன்."

"லிஸ்ட் என்னாச்சு?"

"அப்படியே இருக்கு. நாப்பது பேரும் உன் மூஞ்சியில நல்லா இருக்காங்க."

கான்ஸ்டபிள் அவன் தோளைத் தொட்டான். மொமான்யி இரண்டு அடி நடந்தான். நின்றான். திரும்பித் தங்கையைப் பார்த்தான். இந்த நிலையிலும் அவன் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பிரெண்டாவா, டக்ளஸா, மார்த்தாவா... ஒன்பது பொய்யை வச்சு ரெண்டு வருஷம் அமெரிக்காவையே ஏமாத்தினோம் கெருபோ. உண்மையைக் கண்டுபிடிச்சே தீரணும்னு உனக்குத் தோண, இந்த வாரம்தானா கிடைச்சுது?"